மதர்போர்டை மாற்றினால் காசு கொடுத்து வாங்கிய கேமும் போய்விடுமா?

பாம்பன்காரன்:
மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். படகு கரையில், நான் கம்ப்யூட்டர் முன்னால். இதற்கென்றே தீபாவளித் தள்ளுபடியில் 1,400 ரூபாய்க்கு ஒரு கேம் வாங்கித் தொடாமல் வைத்திருந்தேன். ஒற்றை ஆள் ஆடுவது, நெட்டுக்கு வேலையே இல்லை.

வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். உப்புக்காற்றில் மதர்போர்டு பச்சை பூத்துவிட்டது. ராம் செருகும் இடத்தைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன், பிரயோசனமில்லை. ராமநாதபுரத்தில் கடைக்காரர் கைவசம் இருந்த பழைய போர்டு, பிராசஸர் என்று மாற்றி மாற்றிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் ஓடுகிறதா என்று நான் அந்தக் கேமையே திறந்து பார்த்தேன். கடைசியில், இன்றைக்கு நிறைய கணினிகளில் திறந்துவிட்டீர்கள், 24 மணி நேரம் கழித்து வாருங்கள் என்கிறது! பெட்டி ஒன்றுதான், குடலைத்தான் மாற்றினோம்.

வீட்டுக்கு வந்தால் கேம் திறக்க நெட் கேட்கிறது. கச்சான் காற்று, போன் ஹாட்ஸ்பாட் நிற்கவில்லை. தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரையாவது பிடிக்கும், என் வீட்டில் எதையும் பிடிக்காது. பக்கத்து வீட்டுப் பையன் இதே கேமை ஓசியில் இறக்கி ஆடி முடித்துவிட்டான். "அண்ணே, என்கிட்ட நெட்டே கேக்கலையே" என்கிறான். வழி இருக்கிறதா?

கீழக்கரை காக்கா:
இருக்கிறது தம்பி. திருட்டுப் பிரதியைத் தடுக்கக் கேமுக்குள் ஒரு பூட்டு வைப்பார்கள். இந்த மாதிரிப் பூட்டு, பிராசஸர், போர்டு விவரத்தைச் சேர்த்து நெட் வழியாகத்தான் சாவி செய்யும். உள்ளே மாறினால் அதற்கு அது வேறு கணினி. இனிமேல் போர்டைச் சோதிக்க வேறு எதையாவது ஓட்டு, கேமைக் கடைசியில் திற. அந்த 24 மணி நேரம் கழிந்ததும் நல்ல நெட் உள்ள இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோய் ஒருமுறை திறந்துவிட்டு, கேமைத் திறக்கும் லாஞ்சரை ஆஃப்லைனில் (நெட் இல்லாமல் ஓடும்படி) போட்டுக்கொள்.

இது புதுசும் இல்லை. 2008இல் ஸ்போர் என்ற கேம் வந்தபோது ஒரு பிரதிக்கு 3 கணினிதான் என்றார்கள். வாங்கியவர்கள் சண்டை போட்ட பிறகு 5 ஆக்கினார்கள். திருட்டுப் பிரதி என்னவோ தாராளமாகத்தான் சுற்றியது.

தொண்டி ராஜா:
கேம் செய்கிறவனும் சம்பளம் கொடுக்க வேண்டாமா? பூட்டு இல்லாவிட்டால் முதல் வாரமே எல்லாரும் ஓசியில் ஆடுவார்கள்.

பாம்பன்காரன்:
சரிண்ணே, முதல் வாரம் பூட்டட்டும். டூம் என்ற கேம் 2016 மே மாதம் வந்தது, டிசம்பரில் அதன் டெனுவோ என்ற பூட்டை எடுத்துவிட்டார்கள். அப்படிச் செய்தால் யார் கேட்கப்போகிறார்கள்? நான் வாங்கியது வந்து மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் என்னைத்தான் சோதிக்கிறது.

கீழக்கரை காக்கா:
பூட்டையாவது எடுக்கலாம். தி க்ரூ என்ற கார் கேம், கம்பெனியின் சர்வரோடு நெட்டில் இணைந்தால்தான் ஓடும். அந்தச் சர்வரை 2024 மார்ச் 31 அன்று அதன் கம்பெனி யூபிசாஃப்ட் நிறுத்தியது. வாங்கியவன் தனியாகக்கூட வண்டி ஓட்ட முடியாமல் போனது.

பாம்பன்காரன்:
அதைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க காக்கா. நாளைக்குப் பெட்டியைச் சாக்கில் சுற்றி மச்சான் பைக்கில் மண்டபம் கொண்டுபோகிறேன், அத்தை வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. தடை முடிய இன்னும் 9 நாள்தான்.