தொலைபேசியில் வராத 120 ஹெர்ட்ஸ் காதில் எப்படிக் கேட்கிறது?

கேள்வி
பழைய தரைவழித் தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ ஏறக்குறைய 120. அதுவும் அதன் இருமடங்கான 240-உம் வெட்டுப்பட்டால், குரலில் மிஞ்சும் மடங்குகளில் தாழ்ந்தது 360. பிறகு ஏன் பேசுபவரின் சுருதி ஏறிவிடுவதில்லை? பதிவை ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பார்த்தால் 120-இல் ஒன்றுமே இல்லை.

பதில் 1
120 போனாலும் 360, 480, 600, 720 எல்லாம் தப்பி வந்துவிடுகின்றன. இவை சேர்ந்த அலை 8.3 மில்லிநொடிக்கு ஒருமுறை அதே வடிவில் திரும்ப வரும், அதாவது நொடிக்கு 120 முறை. மூளை சுருதியாக எடுத்துக்கொள்வது இந்த ஒழுங்கைத்தான். குரல் மெலிந்து கேட்பது உண்மை, ஆனால் அது நாதத்தில் (குரலின் தன்மையில்) வந்த மாற்றம், சுருதியில் அல்ல.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் செய்து பாருங்கள். மூன்று தனி டிராக்கில் 600, 800, 1000 ஹெர்ட்ஸ் சைன் டோன், ஒவ்வொன்றுக்கும் வீச்சு 0.2. வீச்சு 0.5 வைத்தால் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டி அலையின் உச்சி வெட்டுப்படும், சோதனை கெட்டுவிடும். மூன்றும் ஒரே கணத்தில் தொடங்கட்டும். முன்பின்னாக நுழைந்தால் காது தனித்தனியாகப் பிரித்துவிடும். கேட்டபின் 200 ஹெர்ட்ஸ் சைனோடு ஒப்பிடுங்கள், சுருதி ஒன்றாக இருக்கும். சிலருக்கு அப்போதும் மூன்றும் தனியாகவே கேட்கும். 1200, 1400 சேர்த்து, எல்லா வீச்சையும் 0.15 ஆக்கினால் பெரும்பாலும் ஒன்றுகூடிவிடும்.

பதில் 2
அடுத்தடுத்த அதிர்வெண்களைக் கழித்தால் சுருதி என்று, இதை வெறும் கழித்தல் கணக்காக நினைத்துவிட வேண்டாம். 1800, 2000, 2200 சேர்ந்தால் 200 கேட்கும். ஒவ்வொன்றிலும் 40 கூட்டி 1840, 2040, 2240 வையுங்கள். வித்தியாசம் அதே 200தான், சுருதி மட்டும் 204 பக்கம் ஏறும். 204-இன் 9, 10, 11 மடங்குகள் 1836, 2040, 2244 அல்லவா? மூளை அந்த வரிசையோடு பொருத்திக்கொள்கிறது.

ஸ்பீக்கரின் உருக்குலைவுதான் 200-ஐ உண்டாக்குகிறது என்ற சந்தேகம் வந்தால், ஒலியைக் குறைத்து, 300-க்குக் கீழ் மட்டும் இரைச்சல் சேருங்கள். நிஜமான 200 ஹெர்ட்ஸ் சைன் அதில் மூழ்கிவிடும். இந்தச் சுருதி மூழ்காது. 1954-இல் அமெரிக்க உளவியலாளர் லிக்லைடர் காட்டியது இதைத்தான்.

கேட்டவர்
600-800-1000 சரியாக வருகிறது. 4000, 4200, 4400 வைத்தால் கரகரப்புதான் மிஞ்சுகிறதே?

பதில் 1
அவை 200-இன் 20, 21, 22-ஆம் மடங்குகள். உட்காதின் நத்தைச்சுருள் முதல் எட்டுப் பத்து ஹார்மோனிக்குகளை (மடங்குகளை) மட்டுமே தனித்தனியாகப் பிரிக்கும். சுருளின் ஒவ்வொரு இடமும் ஒரு அதிர்வெண் பட்டைக்கான வடிகட்டி போன்றது; அதற்கு மேலே பல ஒரே வடிகட்டியில் விழுந்து கலங்கிவிடும். நரம்புசார் செவிக்குறைபாட்டில் இந்த வடிகட்டிகளே அகன்றுவிடுகின்றன. காக்ளியர் இம்ப்ளான்டில் (உட்காதில் பொருத்தும் செவிக்கருவி) மின்முனைகள் 12 முதல் 22 வரைதான். அதனால்தான் அமைதியான அறையில் பேச்சு நன்றாகப் புரிபவருக்கும் மெட்டு பிடிபடுவதில்லை.

பதில் 3
ட்யூனர் செயலி எழுதுபவர்கள் கவனிக்க: ஸ்பெக்ட்ரத்தின் உயர்ந்த முகட்டைச் சுருதி என்று எடுக்காதீர்கள். 44100 மாதிரி வீதத்தில் 2048 புள்ளி எஃப்எஃப்டி (ஸ்பெக்ட்ரத்தைக் கணக்கிடும் முறை) என்றால் இரு கட்டங்களுக்கு இடைவெளி 21.5 ஹெர்ட்ஸ், 120-க்கு அருகே ஓர் அரைசுரமே 7 ஹெர்ட்ஸ்தான். அலையைத் தள்ளிவைத்துத் தன்னோடே ஒப்பிடும் ஆட்டோகோரிலேஷன் மேல். 120 ஹெர்ட்ஸ் குரலுக்கு 367 மாதிரி தள்ளினால் முகடு கிடைக்கும், 735-இலும் கிடைக்கும். இரண்டாவதை எடுத்தால் ஒரு ஸ்தாயி கீழே 60 காட்டும். வலுவான முகடுகளில் முதலில் வருவதையே எடுங்கள்.