கவினுக்கு நாய்க்கடி: பெரிய வீட்டுக் குழு

செல்வி அத்தை: கவினைத் தெருநாய் கடிச்சிருச்சு. கெண்டைக்கால்ல. ரத்தம் வருது. மஞ்சள் வச்சிருக்கேன்

கார்த்தி: ஐயோ

நித்யா: அத்தை, மஞ்சளைக் கழுவிடுங்க. குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு 15 நிமிஷம். அப்புறம் பெட்டாடின். கட்டு வேண்டாம்

முருகேசன் மாமா: அந்த நாய்க்குத் தினம் சோறு வைக்கிறது யாருன்னு ஊருக்கே தெரியும்

வசந்தா சித்தி: என்னைத்தானே சொல்றீங்க

பெரியப்பா: சண்டை அப்புறம். தொப்புளைச் சுத்தி 14 ஊசிதானே?

நித்யா: அதெல்லாம் அந்தக் காலம் பெரியப்பா. இப்ப ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி கைத் தசையில 0, 3, 7, 14, 28ஆம் நாள், முதல் ஊசி போடுற நாள்தான் 0. தோலுக்குள்ள போட்டா 14ஆம் நாள் இல்லை. ஆனா தடுப்பூசி வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல ஆகும். ரத்தம் வந்த கடிக்கு இன்னைக்கே காயத்துல ஆன்டிபாடியும், அதாவது வைரஸைப் பிடிச்சு நிறுத்துற ரெடிமேட் புரதமும், போகணும்

கார்த்தி: குதிரை சீரமா?

நித்யா: அது குதிரை ரத்தத்துல இருந்து எடுக்குற ஆன்டிபாடி, கிலோவுக்கு 40 யூனிட். ரேபிஷீல்டுன்னு மனித மோனோகுளோனல் (ஒரே வகை) ஆன்டிபாடி மருந்து இருக்கு, கிலோவுக்கு 3.33 போதும். கவின் எத்தனை கிலோ?

செல்வி அத்தை: 18

நித்யா: 60 யூனிட். 100 யூனிட் குப்பி ஒண்ணு போதும்

முருகேசன் மாமா: அது எலி ரத்தமாம். ஃபார்வர்டு வந்துச்சு

நித்யா: இல்லை மாமா. மனுஷ ஆன்டிபாடி மரபணு வச்ச எலிக்கு அமெரிக்காவுல மாஸ்பயாலஜிக்ஸ்ங்கிற நிறுவனத்துல ரேபிஸ் தடுப்பூசி போட்டாங்க. அந்த எலியோட ஆன்டிபாடி சுரக்குற மண்ணீரல் செல்லைப் புற்றுநோய்ச் செல்லோட இணைச்சா, சாகாம ஆன்டிபாடி சுரந்துகிட்டே இருக்கும். அதுல வைரஸை நல்லாக் கட்டிப்போட்ட ஆன்டிபாடிக்குப் பேரு 17சி7. அதோட மரபணுவை மட்டும் வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) செல்லுல ஏத்தி, புனே சீரம் இன்ஸ்டிட்யூட் தொட்டியில வளர்த்து, புரதத்தைப் பிரிச்சு எடுக்குது. 2016ல இங்க அனுமதி. சாதா எலி ஆன்டிபாடின்னா நம்ம உடம்பு அதையே எதிர்க்கும், அதான் மனுஷ மரபணு. ஒரே ஆன்டிபாடி, வைரஸ்ல ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். அதனால பல வகை ரேபிஸ் வைரஸ்ல சோதிச்ச பிறகுதான் வெளியே விட்டாங்க

வசந்தா சித்தி: கறி மீன் குடுக்கக் கூடாதாமே

நித்யா: பத்தியமே இல்லை சித்தி. கவனிக்க வேண்டியது வேற. ஆன்டிபாடியைக் காயத்துக்குள்ளயும் சுத்தியும் போடணும். வைரஸ் நரம்புல ஏறுறது அங்கதான். இடுப்புல மட்டும் குத்தினா பிரயோஜனம் இல்லை. தடுப்பூசியோட ஒரே சிரிஞ்சுல கலக்கக் கூடாது. தையல் தேவைன்னாலும் இது போட்ட பிறகுதான்

பெரியப்பா: அந்த மருந்து இல்லைன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டா?

நித்யா: குதிரை சீரம் போடச் சொல்லுங்க, காத்திருக்க வேண்டாம். ரெண்டுமே இல்லைன்னா தடுப்பூசியை ஆரம்பிச்சிடுங்க. அதுல இருந்து 7 நாளுக்குள்ள ஆன்டிபாடி போடலாம், அதுக்கு மேல கூடாது

கார்த்தி: 6 மணிக்கு நான் வர்றேன்

நித்யா: 6 எதுக்கு? இப்பவே கிளம்புங்க

செல்வி அத்தை: கார் சாவி யார்கிட்ட?

முருகேசன் மாமா: சித்தப்பாகிட்ட. அவர் போனை எடுக்கலை

வசந்தா சித்தி: எங்க வீட்டு ஸ்கூட்டி இருக்கு. கேட்டாத்தானே