பக்கத்து வீட்டுச் சுவருக்கு நாலடியில் கருங்கல்: வெடி இல்லாமல் எப்படி உடைப்பது?

தகடூரான்:
வணக்கம். தர்மபுரி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். செப்டிக் டேங்க்குக்குக் குழி எடுத்தபோது மூன்றடியிலேயே கருங்கல் தட்டிவிட்டது. மண்ணை ஒதுக்கிப் பார்த்தால் ஆறடி நீளம், நாலடி அகலம். ஆழம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் நாலடி தள்ளித்தான் இருக்கிறது. பழைய செங்கல் சுவர், உள்ளே வயதான அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார். சந்து குறுகல், பாறை உடைக்கும் பிரேக்கர் வண்டி வராது. “சின்னதாக ஒரு தோட்டா வைத்தால் முடிந்தது” என்கிறார் ஒருவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. குழி ஓரத்தில் பழைய மோட்டார் ரூமின் கான்கிரீட் தளம் வேறு இருக்கிறது, நாலு அங்குலக் கனம். அதையும் எடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

மேட்டுக்காடு:
விறகை அடுக்கி ராத்திரி முழுக்க எரித்து, காலையில் தண்ணீர் ஊற்றினால் பாறை விரிசல் விடும். எங்கள் தாத்தா கிணறு வெட்டும்போது அப்படித்தான் செய்தாராம்.

உளிச்சத்தம்:
தம்பி, தோட்டா வேண்டவே வேண்டாம். உரிமம் இல்லாமல் வெடி வைப்பது குற்றம். அதை விடுங்கள், அந்த அம்மா வீட்டுச் சுவர் தாங்காது. தீ திறந்த வெளிப் பாறைக்குச் சரி. மேல்தோல் சூட்டில் விரிந்து பாளம் பாளமாகக் கிளம்பும். சுவர் ஓரத்தில், குழிக்குள் அது ஆகாது. சில்லு தெறிக்கும்.

என் அப்பா நாற்பது வருஷம் கல் உடைத்தவர். நானும் பதினெட்டு வயது வரை கூட நின்றேன். முதலில் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். தனிக்கல் என்றால் அடி கொஞ்சமாவது அதிரும். தாய்ப்பாறை என்றால் கடப்பாரைதான் கையில் எதிர்க்கும். தனிக்கல்லாக இருந்தால் சுற்றி மண்ணை எடுத்து ஒரு பக்கமாவது வெளியே தெரியும்படி செய்யுங்கள். பிளக்கும் துண்டு நகர இடம் இல்லாவிட்டால் எந்த ஆப்பும் வேலை செய்யாது.

அப்புறம் நீரோட்டம் பாருங்கள், அதாவது கல் எந்தத் திசையில் சுலபமாகப் பிளக்கும் என்று. கல்லை நனைத்துக் காயவிட்டால் மணிகள் ஒரு திசையில் படுத்திருப்பது தெரியும். அந்தத் திசையிலேயே கோடு போடுங்கள். அப்பா உளியால் நாலு விரல் அகலத்துக்குக் குழி குழியாகச் செதுக்குவார். மாமல்லபுரத்துப் பாறைகளில் வரிசையாகக் குழிகள் பார்த்திருப்பீர்களே, அதே வித்தைதான். இப்போது கையில் பிடிக்கும் டிரில்லால் 20 மில்லிமீட்டர் துளை, ஒரு சாண் இடைவெளி, ஒரு சாண் ஆழம் போதும். ஒவ்வொரு துளையிலும் இரண்டு அரைவட்ட இரும்புத் தகடு, நடுவில் ஆப்பு.

சம்மட்டியை ஓங்கிப் போடாதீர்கள். ஒரு ஆப்புக்கு ஓர் அடி, அடுத்ததற்கு ஓர் அடி, வரிசை முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. “ணங்” என்ற சத்தம் அடிக்கு அடி ஏறிக்கொண்டே போகும். நன்றாக இறுகியதும் நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். அப்பா சொல்வார், “நாம ஓஞ்சப்பறமும் கல்லு வேலை செய்யும்டா.” அது உண்மை. திடீரென்று சத்தம் செத்து “டொக்” என்று கேட்டால் கல் விட்டுவிட்டது.

துளை போடும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கட்டும், முகக்கவசம் இல்லாமல் யாரையும் நிற்க விடாதீர்கள். அப்பாவுக்கு நுரையீரலில் கல்தூசி. கடைசி நாலு வருஷம் உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். அந்தத் தூசி உள்ளே போனால் வெளியே வராது தம்பி. கூலிக்கு வருபவர் “பழகிப்போச்சு” என்பார். அப்போதும் மாட்டிவிடுங்கள்.

கிணத்துமேடு:
உடைக்கும் பவுடரும் இருக்கிறது, பெரும்பாலும் சுண்ணாம்புதான். 5 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் போலத் தண்ணீர். 38 மில்லிமீட்டர் துளை, அடிக்கு ஒன்று. கரைத்ததும் உடனே ஊற்றிவிட வேண்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சத்தமே இல்லாமல் பிளக்கும். ஆனால் வெயிலுக்கு ஏற்ற ரகம் பார்த்து வாங்குங்கள். நான் குளிர்காலப் பவுடரை மே மாதம் ஊற்றினேன். அரை மணியில் கொதித்துத் துளையிலிருந்து பீறிட்டு வந்தது. குனிந்து பார்த்திருந்தால் கண் போயிருக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.

கான்கிரீட் தளத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. ஓரத்தில் அடியிலிருக்கும் மண்ணைத் தோண்டி, கடப்பாரையால் இரண்டு அங்குலம் தூக்கி, கீழே ஒரு கல்லைச் செருகிவிட்டு மேலே சம்மட்டி போடுங்கள். மண்ணில் படுத்திருக்கும் தளம் அடியைக் குடித்துவிடும், தூக்கி நிற்கும் தளம் உடையும். கம்பியை ஆக்சா பிளேடால் அறுத்துக்கொள்ளலாம்.

தகடூரான்:
பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். தளம் ஒரே காலையில் போய்விட்டது. பாறை தனிக்கல்தான். எட்டுத் துளை போட்டோம். மூன்றாவது சுற்று அடித்துவிட்டு மேலே ஏறி உட்கார்ந்திருந்தபோது உள்ளே மெல்லத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் தலைமுடி கனத்தில் கோடு, முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை நேராக. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன், வீட்டுக்குள் எதுவும் அதிரவில்லையாம். உளிச்சத்தம் ஐயா, அந்தக் கோட்டைப் பார்த்தபோது உங்கள் அப்பாவைத்தான் நினைத்தேன்.

மேல்பாதி வந்துவிட்டது. கீழே இன்னும் இரண்டடி இருக்கிறது. அதற்கும் இதே இடைவெளிதானா?

உளிச்சத்தம்:
இப்போது ஒரு பக்கம் திறந்துவிட்டது அல்லவா, இனி சுலபம். ஓரத்திலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளிக் கோடு போடுங்கள். இடைவெளி அதே ஒரு சாண். துண்டுகளைத் தூக்கும் அளவுக்கே எடுங்கள், குழிக்குள் நின்று பெரிய கல்லைப் புரட்ட வேண்டாம்.