டான்யூப் கப்பல் பயணத்தில் மெல்க், டூர்ன்ஷ்டைன்: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு, பாசாவிலிருந்து வியன்னா வரை டான்யூப் ஆற்றுக் கப்பலில் செல்லவிருக்கிறேன். அதில் ஒரு நாள், காலையில் ஆஸ்திரியாவின் மெல்க்கிலும் பிற்பகலில் டூர்ன்ஷ்டைனிலும் கப்பல் நிற்கும்.

1089 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகள் வாழ்ந்துவரும் மெல்க் மடாலயத்தில், பால் டிரோகர் தீட்டிய நூலகக் கூரை ஓவியத்தை அம்மா நிதானமாகப் பார்க்க வேண்டும் என்பதே என் பெரிய ஆசை. ஆனால் அவருக்கு மூட்டுவலி இருப்பதால், நூலகத்திலிருந்து தேவாலயத்துக்கு இறங்கும் குறுகலான சுழல் படிக்கட்டை நினைத்தால் கவலையாக இருக்கிறது. அதைத் தவிர்க்க மின்தூக்கியோ மாற்று வழியோ உண்டா? படகுத்துறையிலிருந்து மேட்டின் மீதுள்ள மடாலய வாசல்வரை வாடகைக் கார் எளிதில் கிடைக்குமா?

டூர்ன்ஷ்டைனில், இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டை 1192இல் சிறைவைத்த கோட்டையின் இடிபாடுகளுக்கு நான் மட்டும் ஏறிவரலாம் என்றிருக்கிறேன். ஏறி இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கும், அதுவரை அம்மா நிழலில் அமர்ந்திருக்க ஊருக்குள் வசதியான இடம் எது என்பதை, அங்கு சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.

இவ்விரு ஊர்களுக்கும் இடையே வாகௌ பள்ளத்தாக்கின் அடுக்கடுக்கான திராட்சைத் தோட்டங்களைப் பார்க்க, மேல்தளத்தில் எந்தப் பக்கம் அமர்வது நல்லது?