என்எஸ்ஆர் 150: த்ராட்டிலை மூடினாலும் ஆர்பிஎம் இறங்கல, நேத்து எஞ்சின் ஜாம் ஆயிருச்சு, யாராச்சும் உதவுங்க

சிப்புட்_150:
அண்ணன்மாருக்கு வணக்கம். நான் சுங்கை சிப்புட் பக்கம். எட்டு மாசத்துக்கு முன்னாடி பழைய ஹோண்டா என்எஸ்ஆர் 150 ஒன்னு வாங்குனேன், அந்தக் காலத்து ரெண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். சின்ன வயசு ஆசை இது, எங்க தீம்பாருல ஒரு அண்ணன் வச்சிருந்தாரு, சாயங்காலம் கித்தா காட்டு ரோட்ல அந்த சத்தம் கேட்டாலே பந்தைப் போட்டுட்டு ரோட்டுக்கு ஓடுவோம்.

இப்ப பிரச்சனை என்னன்னா ரெண்டு வாரமா வண்டி சூடானதும் த்ராட்டிலை மூடினா ஆர்பிஎம் இறங்காம 3000-லயே நிக்குது, ரொம்ப நேரம் கழிச்சுதான் மெதுவா இறங்குது. ஒரு பெங்கெல்ல (ரிப்பேர் கடையில) காட்டுனேன், ஐடில் ஸ்க்ரூவ குறைச்சு, பெட்ரோல் போற ஓட்டையான மெயின் ஜெட்டைப் பெருசா மாத்திக் குடுத்தாங்க, ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு, திரும்ப அதே கதை. நேத்து ஈப்போ போறப்ப செமோர்கிட்ட ஆறாவது கியர்ல போயிட்டிருந்தேன், முன்னாடி செம்பனை லோரி வந்துச்சு, த்ராட்டிலை மூடுனதும் பின் சக்கரம் அப்படியே பிடிச்சுக்கிச்சு. கிளட்ச்ச அமுக்குனதால விழல. பத்து நிமிஷம் ஓரமா நிறுத்திட்டு மிதிச்சேன், ஸ்டார்ட் ஆச்சு. பிளக்கை கழட்டிப் பாத்தா சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கு. 2டி எண்ணெய் (ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஊத்துற எண்ணெய்) டேங்குல பாதிக்கு மேல இருக்கு. வீட்ல அம்மா வித்துடுன்னு அழுகுறாங்க. என்ன பண்றது?

பழைய_பெங்கெல்:
தம்பி, முதல்ல வண்டிய ஓட்டாதீங்க, வீட்டுக்கும் கடைக்கும்கூட வேணாம். ஆர்பிஎம் தொங்குது, பிளக் வெள்ளையா இருக்கு, த்ராட்டிலை மூடுனதும் ஜாம் ஆவுது, இந்த மூணும் சேந்தா எங்கேயோ காத்து உள்ள போவுதுன்னு அர்த்தம். ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி இல்ல இது, ரெண்டு ஸ்ட்ரோக்ல பெட்ரோலும் காத்தும் எண்ணெயும் முதல்ல பிஸ்டனுக்குக் கீழ இருக்குற கிராங்க் கேசுக்குள்ளதான் வரும், பிஸ்டன் கீழ இறங்குறப்ப அங்கேருந்துதான் மேல தள்ளும். அதனால கிராங்க் கேசு காத்து புகாம இருக்கணும். மேக்னெட் (கரண்ட் உண்டாக்குற சக்கரம்) பக்கம் கிராங்க் தண்டைச் சுத்தி இருக்குற ரப்பர் சீல் வயசாகி கெட்டியானா கார்ப் (கார்புரேட்டர்) வழியா வராத காத்தையும் இழுக்கும், பெட்ரோல் பத்தாம போயி பிஸ்டன் சூடாகி ஊதிரும். எண்ணெய் பம்ப்பும் த்ராட்டிலோட சேந்துதான் வேலை செய்யுது, அதனால வேகமா போயிட்டு பட்டுனு மூடுனா எண்ணெயும் குறையும், நீங்க பிடிச்சது அந்த நேரத்துலதான்.

கிளட்ச் பக்கத்து சீல் போனா வேற மாதிரி, கியர் எண்ணெயை உறிஞ்சும், புகை நிறைய வரும், கியர் எண்ணெய் அளவு குறையும். உங்களுக்கு அது இருக்கா?

சிப்புட்_150:
புகை எப்பவும்போலதாண்ணே. கியர் எண்ணெய் குறையல.

பழைய_பெங்கெல்:
அப்ப மேக்னெட் பக்கம், இல்லன்னா கார்புக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர். எஞ்சின் ஐடில்ல இருக்கப்ப அந்த ரப்பரைச் சுத்தி கார்ப் கிளீனர் கொஞ்சமா அடிங்க, ஆர்பிஎம் மாறுச்சுன்னா லீக் அங்கதான். மாறலன்னா மேக்னெட் மூடியைக் கழட்டிட்டு பின்பக்கம் அடிச்சுப் பாருங்க. தீ பிடிக்கிற சாமான் அது, வெளியில வச்சு செய்யுங்க, யாரும் பக்கத்துல சிகரெட் பிடிக்க வேணாம். நல்ல கடையா இருந்தா எக்ஸோஸ் வாயையும் கார்ப் வாயையும் அடைச்சு 6 பிஎஸ்ஐ காத்து ஏத்தி நிக்குதான்னு பாப்பாங்க, அதான் சரியான டெஸ்ட். எண்ணெய் பம்ப்பையும் பாருங்க, டேங்குல எண்ணெய் இருந்தாலும் குழாய்க்குள்ள காத்துக் குமிழ் நின்னா எண்ணெய் போகாது.

பாகன்_சேராய்_பையன்:
ப்ரோ, நானும் ஒன்னு வச்சிருந்து வித்தவன், உண்மைய சொல்றேன். தினமும் வேலைக்குப் போக இந்த வண்டி சரிப்படாது லா. அடி ஆர்பிஎம்ல ஒன்னுமே இருக்காது, மழையில கித்தா இலை கிடக்குற ரோட்ல மெதுவாப் போனா பிளக் கறுத்து நனைஞ்சிரும், பெட்ரோலும் குடிக்கும் எண்ணெயும் குடிக்கும், சாமானுக்கு ஆளைத் தேடி அலையணும். 150-க்குள்ள இருக்கறதால ரோடு டேக்ஸ் 2 வெள்ளிதான், மிச்சமாகுற காசு அது ஒன்னுதான். ஆனா ஆர்பிஎம் ஏறுனதும் எக்ஸோஸ் பக்கம் ஆர்சி வால்வ் திறக்குற அந்த நேரம் இருக்கே, வண்டி பின்னாடியிருந்து ஒரு ஆள் தள்ளுன மாதிரி போகும், எடை இல்லாததால வளைவுல நினைச்ச இடத்துல படுக்கும், இன்னைய வரைக்கும் எந்த ஃபோர் ஸ்ட்ரோக் 150-லயும் எனக்கு அது கிடைக்கல. வித்துட்டு மூணு மாசம் சரியா தூங்கல. அதனால விக்கச் சொல்ல மாட்டேன், வேலைக்கு ஒரு பழைய கப்பச்சாய் (சின்ன ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி) வாங்கி வச்சுக்குங்க, அம்மாவும் நிம்மதியா இருப்பாங்க.

சிப்புட்_150:
ஞாயித்துக்கிழமை செஞ்சேண்ணே. ரப்பர்கிட்ட அடிச்சேன், மாறல. மேக்னெட் பக்கம் அடிச்சதும் ஆர்பிஎம் குதிச்சுது. சீலைக் கழட்டிப் பாத்தா ரப்பர் மாதிரியே இல்ல, நகத்தால அமுக்குனா பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா இருக்கு, சீலோட விளிம்புல ஒரு இடத்துல வெடிப்பு. சிலிண்டரையும் தூக்கிட்டோம், எக்ஸோஸ் பக்கம் பிஸ்டன்ல நெட்டுக்கு நாலு கோடு, சிலிண்டர் தப்பிச்சிருச்சு. ரெண்டு பக்க சீலும் புது பிஸ்டனும் ரிங்கும் ஈப்போவுல வாங்கிப் போட்டாச்சு. இப்ப த்ராட்டிலை மூடுனா ஆர்பிஎம் டக்குனு இறங்குது! ஆனா நடுவுல வண்டி மூச்சு முட்டுற மாதிரி திணறுது, பிளக் இப்ப கறுப்பா ஈரமா இருக்கு. எதையாச்சும் தப்பா மாட்டிட்டேனா?

பழைய_பெங்கெல்:
தப்பில்ல தம்பி. அந்தக் கடையில பெரிய மெயின் ஜெட் போட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, உள்ள போற காத்துக்கு ஈடு கட்ட பெட்ரோலைக் கூட்டியிருக்காங்க. இப்ப லீக் அடைஞ்சிருச்சு, அந்தப் பெட்ரோல் இப்ப அதிகம். பழைய நம்பர் ஜெட்டையே போடுங்க, பிளக் காப்பித்தூள் கலர்ல வரணும். புது பிஸ்டன், முதல் 500 கிலோமீட்டர் முறுக்காதீங்க, ஒரே வேகத்துல ரொம்ப நேரம் பிடிச்சும் ஓட்டாதீங்க.

சிப்புட்_150:
பழைய ஜெட் டப்பாவுலயே வச்சிருக்கேண்ணே, சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் மாத்துறேன். பிளக் படம் போடுறேன்.