பெட்டமுகிலாளம், அஞ்செட்டிப் பக்கம் மலை சைக்கிள் ஓட்ட எந்த வழி நல்லது?

சக்கரம்84 (பாலக்கோடு):

வணக்கம். சொந்த ஊர் பாலக்கோடு, வேலை ஓசூரில். ஆறு மாதம் முன்பு கியர் வைத்த எம்டிபி (மலை சைக்கிள்) ஒன்று வாங்கினேன். 29 அங்குலச் சக்கரம், முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். இதுவரை ஓட்டியதெல்லாம் தார் ரோடுதான், அதிலும் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கியே பாதி நேரம் போய்விடுகிறது. வண்டிச் சத்தம் இல்லாமல், மண்ணும் கல்லுமாக இருக்கும் மலைத்தடத்தில் ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

வரைபடத்தில் பார்த்தால் பெட்டமுகிலாளம் தாண்டி கொடகரைப் பக்கத்திலிருந்து காட்டுக்குள்ளேயே காவிரியை நோக்கி மெல்லிய கோடுகள் இறங்குகின்றன. அந்தத் தடத்தில் இறங்கி ஒகேனக்கல் வரை போக முடியுமா? யாராவது போயிருக்கிறீர்களா? நானும் இரண்டு நண்பர்களும். டிசம்பரில் வெயில் இருக்காது என்று அப்போது வைத்திருக்கிறோம்.

மலையோரம் (மாரண்டஹள்ளி):

தம்பி, கொடகரைக்குக் கீழே தெரியும் அந்தக் கோடுகளை மறந்துவிடுங்கள். அதெல்லாம் காப்புக்காடு, மாடு போன தடம், மழைத்தண்ணீர் அறுத்த ஓடை, இன்னும் சில யானை நடந்து நடந்து உண்டான வழி. மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளைக் கோடாகத்தான் தெரியும்.

ஆனால் நீங்கள் கேட்ட அமைதி அந்த மலையில் நிச்சயம் இருக்கிறது, அதற்குக் காட்டுக்குள் இறங்கத் தேவையே இல்லை. நான் போகும் வழியைச் சொல்கிறேன். மாரண்டஹள்ளியிலிருந்து பெட்டமுகிலாளம் ஏறும் மலைப்பாதையைப் பிடியுங்கள். தருமபுரியிலிருந்து ஓசூர் போகும் ரயில் பாதையில்தான் எங்கள் ஊர், பாலக்கோட்டுக்கு அடுத்து, அதனால் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிளிலேயே வந்துவிடலாம். அடிவாரத்தில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். ஏற்றம் விடாமல் இருக்கும், முதல் அரை மணி நேரம் வேகமாக மிதித்தவர்கள் எல்லோரும் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன், சின்ன கியரில் போட்டுப் பேசிக்கொண்டே ஏறினால் தொடை தாங்கும். மேலே போனதும் நிலமே மாறிவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர், காற்று குளிர்ந்து அடிக்கும், கேழ்வரகும் சாமையும் விளையும் சரிவு, நடுநடுவே பத்து வீடு, இருபது வீடு என்று சின்னச் சின்ன ஊர்கள். அந்த ஊர்களை இணைக்கும் மண்பாதைகள்தான் சைக்கிளுக்கு ஏற்றவை! சில இடத்தில் பாறை மேலேயே தடம் போகும், சில இடத்தில் இரண்டு பக்கமும் கல்வேலி. ஒரு ஊரில் அடுத்த ஊரைக் கேட்டு, அங்கே போய் அதற்கு அடுத்ததைக் கேட்டு, இப்படியே நாள் முழுக்க ஓட்டலாம். கன்னடமோ தெலுங்கோ நாலு வார்த்தை தெரிந்தால் இன்னும் நல்லது, தமிழும் எல்லோருக்கும் புரியும்.

திரும்பும்போது அதே வழியில் இறங்குவது ஒன்று. இல்லை என்றால் அய்யூர் வழியாகத் தேன்கனிக்கோட்டை போய்ச் சேரலாம், ரோடு காட்டுக்கு நடுவே போகிறது, அந்தப் பகுதியைக் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 4 மணிக்குப் பின்னாலும் நான் தொடுவதில்லை.

ராகிக்கொல்லை (அஞ்செட்டி):

மேலே அண்ணன் சொன்னதோடு சேர்த்து ஒன்று சொல்லியே ஆக வேண்டும். டிசம்பர் என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் அதுதான் கேழ்வரகு முற்றி அறுவடை ஆகும் நேரம். அக்டோபர், நவம்பரிலேயே பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி வழியாக இறங்கி தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று பரவும், அறுவடை முடிந்த பிறகுதான் திரும்பும். என் அப்பா அந்த மாதங்களில் வீட்டில் தூங்கியதே இல்லை, கொல்லையில் பரண் மேல்தான் இரவுக் காவல். விடியற்காலையில் யானைகள் கொல்லையை விட்டுக் காட்டுக்குத் திரும்பும். நீங்கள் குளிருக்கு இதமாக இருக்கிறது என்று கிளம்பும் நேரமும் அதே நேரம்தான்.

பைக்கில் போகிறவர்களைவிட சைக்கிளில் வருகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். பைக் வந்தால் தூரத்திலேயே சத்தம் கேட்கும், யானை ஒதுங்கிவிடும், இல்லை என்றால் நின்று கவனிக்கும். சைக்கிளுக்குச் சத்தமே இல்லை. காற்று எதிரே அடித்தால் உங்கள் வாடையும் அதற்குப் போகாது. ஒரு வளைவில் திரும்பினால் இருபது அடியில் நிற்கும், அதற்கும் அதிர்ச்சி, உங்களுக்கும் அதிர்ச்சி. குட்டியோடு இருந்தால் யோசிக்கவே நேரம் கிடையாது. கரடியும் இப்படித்தான், எதிர்பாராமல் அருகில் போனால்தான் பாயும். அதனால் காட்டை ஒட்டிய ரோட்டில் பேசிக்கொண்டே ஓட்டுங்கள், மணி அடியுங்கள், காதில் பாட்டு வேண்டாம். புதுச் சாணம், ஒடிந்த மூங்கில் கண்ணில் பட்டால் திரும்பிவிடுங்கள். இறக்கமாக இருந்தாலும் வளைவில் வேகம் வேண்டாம்.

சட்டமும் இருக்கிறது. தேன்கனிக்கோட்டை, பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி பக்கம் 2022 நவம்பரில் காவிரி தெற்கு சரணாலயம் ஆனது, 686 சதுர கிலோமீட்டர். இரண்டுக்குள்ளும் அனுமதி இல்லாமல் ரோட்டை விட்டு இறங்கினால் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். "தெரியாமல் வந்துவிட்டோம்" என்றால் விட மாட்டார்கள்.

இன்னொன்று, மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் யாரோ ஒருவர் காட்டுத்தடத்தில் ஓட்டிவிட்டு அந்தப் பாதையை ஆப்பில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றிவிட்டார். அதை நம்பி வெளியூர்ப் பையன்கள் நாலு பேர் சாயங்காலம் வந்து எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டார்கள். இரவு டார்ச்சும் தகரமும் எடுத்துக்கொண்டு தேடிப் போனது எங்கள் ஊர் ஆட்கள். அதனால் எங்கே ஓட்டினாலும் சரி, காட்டை ஒட்டிய தடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

சக்கரம்84:

அக்கா, சத்தமில்லாத வண்டி என்பதுதான் சைக்கிளில் எனக்குப் பிடித்ததே, அது யானைக்கு இப்படி இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. கொடகரைத் திட்டத்தை விட்டுவிட்டோம். பெட்டமுகிலாளமும் மார்ச் வரை வேண்டாம் என்று நண்பர்களிடம் பேசிவிட்டேன். டிசம்பரிலேயே ஓட்டுகிற மாதிரி, யானைத் தொல்லை குறைவாக இருக்கும் மலை வேறு இருக்கிறதா? வத்தல்மலை, சித்தேரி இரண்டும் மனதில் இருக்கிறது. அப்புறம் பஞ்சர் விஷயம், பாலக்கோட்டுப் பக்கம் வயல் ஓரத்தில் ஒரே நாளில் மூன்று முறை பஞ்சர் ஆனது, மலையில் அப்படி ஆனால் என்ன செய்வது?

காலைப்பனி (தருமபுரி):

வத்தல்மலைக்கே வாங்க. தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், கீழிருந்து மேலே போக 500 மீட்டருக்கும் மேல் ஏற்றம், இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மாதத்துக்கு இரண்டு முறையாவது ஏறுகிறேன், இன்னும் அலுக்கவில்லை. நல்ல ரோடு வருவதற்கு முன் நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கிய மக்கள் அவர்கள், பெரும்பாலும் மலையாளி என்ற மலைப் பழங்குடியினர், கேரளத்துக்காரர்கள் அல்ல. நாம் பொழுதுபோக்காக ஏறும் ரோட்டின் அருமை அவர்களிடம் பேசினால்தான் தெரியும்.

மேலே காப்பி, மிளகு, சாமை. ஊருக்கு ஊர் போகும் பாதைகளில் மழை விட்டு இரண்டு நாள் கழித்துப் போங்கள், அதற்குள் போனால் செம்மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகராது, நம் தடமும் பள்ளமாகி அவர்களுக்குத்தான் கஷ்டம். தலைச்சுமையோடு ஆள் வந்தாலோ மாடு வந்தாலோ இறங்கி நில்லுங்கள். இறக்கத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வராதீர்கள், டிஸ்க் சூடேறிப் பிடிமானம் போய்விடும். வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிட வேண்டும்.

பஞ்சர்கடை (அரூர்):

சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், பஞ்சருக்கு நான் பதில் சொல்கிறேன். வயல் ஓரத்தில் மூன்று முறை ஆனது என்றால் அது நெருஞ்சி. மழைக்கு முளைத்து மஞ்சள் பூ பூத்துத் தரையோடு படரும், காய் காய்ந்ததும் முள் எப்படி விழுந்தாலும் ஒன்று மேலே பார்த்துத்தான் நிற்கும். அக்டோபர் மழைக்குப் பிறகு ஜனவரி வரை கடையில் எனக்கு அதே வேலைதான். வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) முள் வேறு ரகம், நீளமாக இருக்கும், டயரின் பக்கவாட்டிலேயே ஏறிவிடும். அதனால் வேலி ஓரமாக ஒதுங்காமல் மாட்டுவண்டிச் சக்கரம் போன தடத்திலேயே ஓட்டுங்கள். டியூப் இல்லாத டியூப்லெஸ் ஆக்க முடிந்தால் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிவிடுங்கள், நெருஞ்சி குத்தியது தெரியவே தெரியாது. டியூப்தான் என்றால் டியூபுக்குள்ளேயே ஊற்றும் சீலன்ட் கிடைக்கிறது. பஞ்சர் ஆனதும் புது டியூபை மாட்டிவிடாதீர்கள், முதலில் டயரின் உள்பக்கம் விரலால் சுற்றித் தடவி முள்ளை எடுங்கள், எடுக்காமல் மாட்டியதால்தான் உங்களுக்கு மூன்று முறை ஆகியிருக்கும்.

சித்தேரிக்கு வருவதானால் மொரப்பூர் வரை ரயிலில் வந்து அரூர் வந்துவிடுங்கள். அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20-ல் சந்தனமரச் சோதனை என்று வனத்துறையும் போலீஸும் புகுந்து அந்த ஊர் மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமைக்கு 2011-ல்தான் தீர்ப்பு வந்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அங்கே கேமராவை நீட்டிக்கொண்டு போகாமல் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். அதற்கு மேல் ஏற்றம்தான், புளியமரமும் சாமைக்கொல்லையும், ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிரே வண்டி வருவதே அபூர்வம். இங்கேயும் சுற்றிலும் காப்புக்காடுதான், ரோட்டையும் ஊர்ப்பாதையையும் விட்டு இறங்காதீர்கள். காலை ஏழு மணிக்குக் கடைக்கு வந்தால் மூன்று வண்டியின் பிரேக்கையும் பார்த்து அனுப்புகிறேன், மதியத்துக்கு மேலே களியும் கீரைக் கடைசலும் கிடைக்க ஆள் சொல்லி வைக்கிறேன். எத்தனை பேர் என்று இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள்.