வேகத்தைக் குறைத்ததிலிருந்து கன்வேயர் மோட்டார் கொதிக்கிறது, டிரைவ் டிரிப் ஆகிறது. உதவுங்கள்

ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன்:
வணக்கம். குப்பை பிரிக்கும் பிளான்ட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். டிராமல் என்ற சுழலும் உருளைச் சல்லடையிலிருந்து விழுவதை மேலே ஏற்றி, ஆட்கள் நின்று பொறுக்கும் மேடை வழியாகக் கொண்டுபோகும் பெல்ட்டில்தான் தகராறு. மோட்டார் 7.5 கிலோவாட், 415 வோல்ட், 14.5 ஆம்ப்ஸ்.

மோட்டாருக்குப் போகும் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிதான் டிரைவ். இத்தனை நாள் 40 ஹெர்ட்ஸில் ஓடியது, 10 ஆம்ப்ஸ் எடுக்கும். “குப்பை ஓடுற வேகத்துக்குக் கை போகல” என்று பொறுக்கும் அக்காக்கள் சொன்னதால் 2 வாரம் முன்பு 18-க்கு இறக்கினோம். அன்றிலிருந்து முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை ஓவர்லோடு டிரிப். டிரைவ் திரையில் 12.8 ஆம்ப்ஸ். நேம்பிளேட்டைவிடக் குறைவுதானே? டிரைவுக்குள் வரும் லைனில் கிளாம்ப் மீட்டர் போட்டால் வெறும் 5 ஆம்ப்ஸ். டிரைவ் பொய் சொல்கிறதா? புதுசு வாங்கிவிடலாம் என்கிறார் மேனேஜர். மோட்டார் பாடி 96 டிகிரி, கை வைக்க முடியவில்லை.

காயில் கடைக்காரர்:
டிரைவை மாற்றாதீர்கள் தம்பி, அது ஒழுங்காகத்தான் இருக்கிறது. உள்ளே 5, வெளியே 12.8 என்பது வழக்கம்தான். 18 ஹெர்ட்ஸில் மோட்டாருக்குப் போகும் வோல்டேஜ் சுமார் 150தான். வேகம் குறைவு, அதனால் லைனிலிருந்து இழுக்கும் பவரும் குறைவு. ஆனால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்றை, அதாவது காயிலை, சுடவைப்பது அந்த 12.8.

பின்பக்க ஃபேனும் அதே ஷாஃப்டில்தான் சுற்றுகிறது. 18 ஹெர்ட்ஸில் அது ஒப்புக்குச் சுற்றும், காற்றே வராது. டிரைவில் ‘சாதாரண மோட்டார்’ என்று செட் பண்ணியிருந்தால், வேகம் குறையக் குறைய அனுமதிக்கும் ஆம்ப்ஸையும் அதுவே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் 14.5 தொடாமலே டிரிப். அந்த டிரிப்பை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அப்புறம் மோட்டார் என் கடைக்குத்தான் வரும்.

தனி லைனில் ஓடும் ஃபேன் மாட்டலாம். இல்லை, செயின் ஓடும் பல்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) மாற்றி, மோட்டார் 40-க்கு மேல் ஓடும்போதே பெல்ட் மெதுவாகப் போகும்படி செய்யலாம்.

பெல்ட் மேஸ்திரி:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் 10 ஆம்ப்ஸ் எப்படி 12.8 ஆனது? வேகத்தைக் குறைத்ததால் மட்டும் கன்வேயரில் ஆம்ப்ஸ் ஏறாது. பெல்ட்டை இறக்கினீர்கள், முன்னால் குப்பை தள்ளும் ஃபீடரை இறக்கினீர்களா? இல்லையென்றால் அதே குப்பை 2.2 மடங்கு கனத்தில் படிந்து வரும். ஏற்றத்தில் அந்த எடையை மோட்டார்தான் இழுக்க வேண்டும். பொறுக்குகிறவர்களுக்கும் லாபமில்லை, மேலே இருப்பதுதானே கண்ணுக்குத் தெரியும். மேலே தொங்கும் காந்தமும் அடியில் புதைந்த இரும்பை இழுக்காது. இரும்பு தப்புகிறதா, பாருங்கள்.

இன்னொன்று, பெல்ட்டின் பின்முனையில் அது திரும்பும் உருளையான டெயில் டிரம்மின் ஷாஃப்டைத் திறந்து பாருங்கள். குப்பை பிளான்ட்டில் ஆம்ப்ஸ் ஏறினால் நான் முதலில் அங்கேதான் போவேன்.

ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பிரேக்கரை இறக்கிப் பூட்டு போட்டுவிட்டு டெயில் டிரம்மைத் திறந்தோம். டிரம்முக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு நைலான் புடவை முறுக்கிக் கிடந்தது. அதன்மேல் கேரி பேக், தலைமுடி, சணல் எல்லாம் சேர்ந்து கல் மாதிரி இறுகிவிட்டது. கத்தியால் அறுத்தெடுக்கவே ஒரு மணி நேரம். சீல் போய், பேரிங்கில் கிரீஸ் கறுத்திருந்தது, மாற்றிவிட்டோம்.

இரும்பும் தப்பித்தான் போயிருக்கிறது. கடைசிக் குவியலில் ஆணி, டப்பா மூடி என்று நிறையக் கிடந்தது.

ஃபீடரை 35-லிருந்து 22-க்கு இறக்கி, பெல்ட்டை 32-ல் வைத்தேன். இப்போது 8.7 ஆம்ப்ஸ், பாடி 68 டிகிரி, டிரிப் இல்லை. குப்பை மெலிசாக வருவதால் இந்த வேகம் பரவாயில்லை என்கிறார்கள் அக்காக்கள். மணிக்கு இத்தனை டன் என்ற கணக்கு குறைகிறதே என்று மேனேஜருக்கு முகம் சரியில்லை. டிரிப்பாகி நின்ற நேரத்தை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை!

ஒரு சந்தேகம்: நைட் ஷிஃப்டில் யாரோ மறுபடி 18-க்குத் திருப்பிவிடுகிறார்கள். என்ன செய்ய?

காயில் கடைக்காரர்:
குறைந்தபட்ச ஃப்ரீக்வென்சி என்ற பாராமீட்டரில் 28 போட்டுவிடுங்கள், வேகம் மாற்றும் நாப்பை எவ்வளவு திருப்பினாலும் அதற்குக் கீழே இறங்காது. பாராமீட்டருக்குப் பாஸ்வேர்டும் வையுங்கள். அதை எழுதி பேனல் கதவிலேயே ஒட்டிவிடாதீர்கள், அதையும் பார்த்திருக்கிறேன்.